வலப்பக்கம் திறக்கும் அங்கி

எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் சேசுநாதர் வேஷத்துக்கு அங்கி தைத்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்தால் திண்டிவனத்தில் ஊதாத் துணி எடுத்து வந்து என் மிஷின் மேல் போட்டுவிட்டுப் போவார்கள். ஊர் உலகத்தில் அங்கி என்றால் முன்னால் திறக்கும், இல்லாவிட்டால் தலை வழியாகக் கழற்றுவார்கள். எங்கள் ஊர் அங்கி மட்டும் முதுகில் திறக்கும், அதுவும் வலப்பக்கம் மட்டும். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் பிரஸ் பட்டன் வைத்திருப்பேன். சாட்டையடிக் காட்சியில் சேவகன் பிடித்து இழுத்தால் படபடவென்று விட்டுக்கொண்டு வலது தோள் பக்கம் சரிந்துவிடும். இடப்பக்கம் மூடியே கிடக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் என் கொழுந்தன் சவுரிராயனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். கேட்டு முடித்துவிட்டு, இருதயசெல்விக்கு வாய் நீளம் என்று ஊரார் சொல்வதை நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நான் விழுப்புரத்துப் பெண். எழுபத்தெட்டில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். மழை பெய்தால் மல்லாட்டை, பெய்யாவிட்டால் கேப்பை. பாதிக்கு மேல் எங்களைப் போல வேதக்காரர்கள். மாமியார் இல்லாத வீடு. சவுரிராயன் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சோறு போடுவதும் தலைக்கு எண்ணெய் வைத்து ஊற்றுவதும் என் பொறுப்பாகிவிட்டது. அப்படி ஒரு சனிக்கிழமை முதுகு தேய்த்துவிடும்போதுதான் பார்த்தேன்.

வலது தோள்பட்டையில் தொடங்கி முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கி, திரும்ப விலாவுக்கு வளைந்து ஓடின பட்டைகள். ஒன்றின் கீழ் ஒன்று, விரல் அகலம். காப்பித்தூள் நிறம். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. விரல் வைத்து ஓட்டினால் அந்த இடத்தில் மட்டும் சதை உள்ளே இறங்கியது, ஈரமண்ணில் சைக்கிள் போன தடம் மாதிரி. தோல் அவ்வளவு மெல்லிசு. கீழே ஓடுகிற நரம்பு நீலமாகத் தெரிந்தது. முதுகுத்தண்டைத் தாண்டி இடப்பக்கம் ஒரு கோடுகூடக் கிடையாது.

"வலிக்குதாடா?"

"இல்ல அண்ணி."

"அரிக்குதா?"

"இல்லியே. இன்னா அண்ணி இருக்குது அங்க?"

பாவம், அவனுக்கு எப்படித் தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் குஷ்டரோகம் பரிசோதிக்கிறவர் வந்தபோது நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கோழி இறகால் தடவினார், குண்டூசியால் குத்தினார். கண்ணை மூடிக்கொண்டே அவன் எங்கெங்கே பட்டது என்று சரியாகச் சொன்னான். "இது அது இல்லம்மா, உணர்ச்சி நல்லா இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். சட்டைக்குள் இருக்கிற முதுகுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்.

பார்த்தார் ஒருத்தர். உபதேசியார் செபஸ்தியான். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் செபம் சொல்லி நடத்துகிறவர், பெரிய வெள்ளிக்கிழமைப் பாஸ்காவுக்கும் அவர்தான் வாத்தியார். எண்பத்தொன்றில், ஏரியில் குளித்துக்கொண்டிருந்த சவுரிராயனைப் பார்த்துவிட்டு, ஈரத் துண்டோடு கரையிலேயே முழந்தாள் போட்டுவிட்டார்.

"ஆண்டவரோட அஞ்சு காயம் பட்ட ஆளுங்களைப் பத்திக் கேட்டிருக்கோம். சாட்டையடி பட்ட முதுகை இப்பதான்யா பாக்குறேன்!"

அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்த வருஷம் சேசு வேஷம் சவுரிராயனுக்கு. வலப்பக்கம் மட்டுமே கோடு இருந்ததால் வலப்பக்கம் திறக்கிற மாதிரி அங்கி தைக்கச் சொன்னார்கள். தைத்தேன்.

எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. வேஷம் கட்டுகிறவன் கல்யாணமாகாதவனாக இருக்க வேண்டும். தபசு முழுக்கக் கவிச்சி தொடக்கூடாது, வெறுந்தரையில் படுக்க வேண்டும். அவனுக்குக் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்துவிட்டால் அங்கியை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். சவுரிராயனுக்கு முன்னால் கட்டினவர்கள் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கட்டிவிட்டு, சேசு வேஷம் கட்டின பையன் என்ற பெயரிலேயே நல்ல இடத்தில் பெண் எடுத்துப் போனார்கள். இவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

சாட்டையடிக் காட்சி முடிந்ததும் பொம்பளைகள் மேடைக்கு வந்து அவன் முதுகுக் கோட்டில் விரல் வைத்து ஓட்டுவார்கள். கர்சீப்பால் துடைத்துக்கொண்டு போய் வீட்டில் நோயாளி மேல் தடவுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்சாவுக்கு வலிப்பு வருகிற பிள்ளை. எண்பத்து மூன்றில் அவள் அழுத அழுகையில் அவள் நகம் கோட்டில் ஏறிவிட்டது. மெல்லிசான தோல்தானே, கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. ஈஸ்டர் முடிவதற்குள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. அவ்வளவுதான், தொலைந்தது. ரத்தம் வந்தால் மழை வரும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அடுத்த வருஷத்திலிருந்து துணிச் சாட்டை போய்த் தேங்காய்நார்க் கயிறு வந்தது. சேவகன் வேஷம் சின்னப்பராஜுக்கு. நல்ல வளர்த்தி, நல்ல கை. கோடு பார்த்து அடிப்பான். ரத்தம் தெரிகிற வரைக்கும் செபஸ்தியான் நிறுத்தச் சொல்ல மாட்டார். கீழே பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், கண்ணை மட்டும் கோட்டை விட்டு எடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் நான்தான் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் போடுவேன். "வாணாம்னு சொல்லேண்டா" என்பேன். "ஊரு நம்புது அண்ணி" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவன் வருஷா வருஷம் மேடையேறினதற்கு ஊர் மட்டும் காரணமில்லை. சிலுவை சுமந்து போகும்போது வெரோணிக்கம்மாள் வந்து துணியால் முகம் துடைக்கிற கட்டம் இருக்கிறதே, அந்த வேஷம் உபதேசியார் மகள் அமல்ராணிக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஊரே பார்க்க, அவள் அவன் முகத்தைத் துடைப்பாள். மெதுவாகத்தான் துடைப்பாள். மற்ற நாளெல்லாம் அவன் திண்டிவனத்தில் விருத்தாசலம் கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருப்பான், அவள் வீட்டில் இருப்பாள். பஸ்ஸில் எதிரெதிரே வந்தால் சிரித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எண்பத்தாறில் ஒரு நாள் என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாபினை உருட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, அமலுவ எனக்குக் கேக்குறீங்களா?"

"அவளுக்குச் சம்மதமாடா?"

"கேட்டுக்கினுதான் வந்தேன்."

நானும் என் வீட்டுக்காரரும் வெற்றிலை பாக்கோடு போனோம். செபஸ்தியான் தட்டைத் தொடவே இல்லை.

"ஆண்டவரு குறிச்சி வெச்ச ஒடம்பும்மா அது. அதுக்குப் பொண்ணு குடுத்தா எங்குடும்பம் வெளங்குமா? அவன் பொறந்ததே வேஷத்துக்குத்தான்."

"எல்லாரும் கட்டிட்டுக் கல்யாணம் பண்ணிக்கல?"

"அவங்க முதுகுல கோடு இருந்துச்சா?"

சவுரிராயன் வாசலில்தான் நின்றிருந்தான். உள்ளே வந்துவிட்டான்.

"ஐயா, இது ஆண்டவரு போட்டதில்ல, சும்மா தோலுன்னு ஆயிட்டா பொண்ணு குடுப்பீங்களா?"

செபஸ்தியான் சிரித்தார். "ஆவட்டும், பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். பொங்கல் கழிந்ததும் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். தோலுக்குப் பார்க்கிற ஒரு பெண் டாக்டர். படிக்கிற பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், போட்டோ எடுத்தார், ஒரு கடுகளவு தோலை வெட்டி அனுப்பினார். கோட்டுக்குக் குறுக்கே இருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யார் அடிச்சது?" என்று கேட்டார். இவன் தலையைக் குனிந்துகொண்டான். சேசு வேஷம் என்று நான் சொன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

மறுபடி போனபோது சொன்னார். ரொம்ப அபூர்வமாக வருகிறதாம். தோலின் அடிப்பகுதி பட்டை பட்டையாக மெலிந்து நிறம் மாறிவிடுமாம். குஷ்டம் இல்லை, ஒட்டாது, உயிருக்கு ஒன்றுமில்லை. இது இருக்கிறவர் பெற்ற பிள்ளைக்கு வந்ததாக அவர் பார்த்ததில்லை. மருந்தும் கிடையாது, தேவையும் கிடையாது. "கல்யாணம் பண்ணிக்கோப்பா, யார் வேணாம்னது?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சவுரிராயன் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். "வெறும் தோலு அண்ணி! வெறும் தோலு!" ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டு வந்தான். இருபத்தைந்து வயசுக்குப் பக்கம், சின்னப் பிள்ளை மாதிரி.

தபசு தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன்னால் பாஸ்காவுக்கு வேஷம் பிரிக்கக் கோயில் வாசலில் ஊர் கூடும். அங்கே எழுந்து நின்று சொன்னான். ஒட்டுவது இல்லை என்பதையும், குஷ்டம் இல்லை என்பதையும், எல்லாவற்றையும் சொன்னான். ஆனால் தொடங்கும்போதே "இது சாமி கோடு இல்லீங்க, அபூர்வமான ஒரு தோலு வியாதியாம்" என்று தொடங்கிவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் யாருக்கும் ஒன்றும் காதில் ஏறவில்லை.

முதலில் அம்சாதான் கத்தினாள். "ஐயோ, அப்ப எம் புள்ள மேல வியாதியையாடா தேச்சேன்! ஏண்டா பாவி, வாயத் தொறந்து சொல்லக் கூடாது?"

"எனக்கே இப்பதான் தெரியும்க்கா..."

அக்காவாவது தம்பியாவது. அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். டாக்டர் குஷ்டம் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்லியிருப்பார் என்றான் ஒருத்தன். பேர் என்ன, சொல் பார்க்கலாம் என்றான் இன்னொருத்தன். அந்தப் பேர் எங்கள் இரண்டு பேருக்கும் வாயில் நுழையவில்லை. சவுரிராயன் செபஸ்தியானையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, சும்மா தோலுதான்னு ஆயிடுச்சு. நீங்க சொன்னீங்களே..."

"வியாதிக்காரனுக்கு எப்பிடிப்பா பொண்ணு குடுக்கறது?" என்றார் செபஸ்தியான், ரொம்ப வருத்தப்படுகிறவர் மாதிரி.

நான் எழுந்துவிட்டேன். "நேத்து வரைக்கும் சாமின்னு குடுக்கல, இன்னிக்கி வியாதின்னு குடுக்கல. நடுவுல ஒரு நாளாவது அவன் உங்களுக்கு மனுசனா இருந்தானாய்யா?" என்று கேட்டேன். பொம்பளைக்கு இங்கே என்ன பேச்சு என்றார்கள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனுஷனே அன்றைக்குத் தம்பியின் துண்டை வேறு கொடியில் எடுத்துப் போட்டார். அவருக்கு நான் சோறு போடவில்லை.

அமல்ராணியைக் குழாயடியில் பார்த்துக் கேட்டிருக்கிறான். அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். "பொறக்கிற புள்ளைக்கு வராதுன்னு டாக்டரு சத்தியம் பண்ணாங்களா?" என்று கேட்டாளாம். பார்த்ததில்லை என்றுதான் சொன்னார் என்று இவன் உள்ளதைச் சொன்னான். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திண்டிவனத்துக்கும் சேதி போய்ச் சேர்ந்து, விருத்தாசலம் இவனுக்கு மட்டும் டீ கிளாசைத் தனியாக வைத்தார்.

அங்கி சின்னப்பராஜுக்குப் போனது. சாட்டை பிடித்த கைக்கே அங்கி. ஆனால் அவன் முதுகு வழுவழுவென்று சட்டி மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கோட்டைப் பார்த்து அழுது பழகின ஜனத்துக்கு அது பிடிக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து நாடக மேக்கப்காரரை வரவழைத்தார்கள். வரைவதற்கு மாதிரி வேண்டுமே. சவுரிராயன் வந்து சட்டையைக் கழற்றி நிற்க வேண்டும் என்று என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார் செபஸ்தியான். வெட்கம் கெட்டவர்.

"போனா காலை ஒடச்சிடுவேன்" என்றேன்.

"போயிட்டு வர்றேன் அண்ணி. எம் முதுக நான் கண்ணாடியில கோணலாப் பாத்ததுதான். வேற ஒருத்தன் மேல வரைஞ்சா நேராப் பாக்கலாம் இல்ல?"

நானும் பின்னாலேயே போனேன். இரண்டு பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள், நடுவில் நல்ல இடைவெளி விட்டு. கோடு எங்கே திரும்புகிறது, எங்கே முடிகிறது என்று மேக்கப்காரர் கேட்கக் கேட்க, செபஸ்தியான் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து அதன் நுனியால் சவுரிராயன் முதுகில் தொட்டுக் காட்டினார். ஏரிக்கரையில் முழந்தாள் போட்ட அதே ஆள். வரைந்து முடிந்ததும் சவுரிராயன் சுற்றி வந்து சின்னப்பராஜின் முதுகை ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லாதான் இருக்குது அண்ணி" என்றான்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் சுள்ளென்று வெயில். சாட்டை துணிச் சாட்டையாகிவிட்டது, சின்னப்பராஜுக்கு வலிக்கக் கூடாதாம். சிலுவையைத் தூக்குவதற்கு முன்னாலேயே வேர்வையில் சாயம் கரைந்து இடுப்பு வரைக்கும் வழிந்துவிட்டது. பொம்பளைகள் அதற்கும் அழுதார்கள், அந்தச் சாயத்தையும் கர்சீப்பில் ஒற்றிக்கொண்டார்கள். அம்சா பிள்ளைக்கென்று இரண்டு கர்சீப். சவுரிராயன் தூரத்தில் தனியாக நின்றான். அமல்ராணி துணியை விரித்துக்கொண்டு வந்து சின்னப்பராஜின் முகத்தைத் துடைத்தாள், மெதுவாகத்தான். மே மாசம் அவர்கள் இரண்டு பேருக்கும் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று சாமியார் மூன்று ஞாயிறும் கேட்டார். நான் கடைசி வரிசையில் சவுரிராயன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கதை அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சின்னப்பராஜ் கல்யாணமானவன், இனி அங்கி கட்ட முடியாது. எண்பத்தெட்டில் தபசு பிறக்கிற நேரம் செபஸ்தியான் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார்.

"சவுரி, மனசுல வெச்சிக்காத. ஆண்டவருக்கு வியாதிக்காரன்னும் இல்லாதவன்னும் பேதம் ஏது? நீயே திரும்பக் கட்டிடு. உன்னோடது கரையாது. உனக்குந்தான் இனிமே கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்லியே."

கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. எறிந்திருப்பேன். சவுரிராயன் என்னைக் கையமர்த்திவிட்டு, சட்டையைக் கழற்றி, திரும்பி முதுகைக் காட்டி நின்றான்.

"கட்டுறேங்க. ஒரே ஒரு வாட்டி தொடுங்க. குச்சி வாணாம், கையால."

செபஸ்தியான் என்னைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார். முதுகுக்கு ஒரு சாண் இருக்கும்போது கை நின்றுவிட்டது. விரலெல்லாம் மடங்கிக்கொண்டது. சவுரிராயன் சுவரைப் பார்த்தபடி காத்துக்கொண்டே நின்றான். அந்த மெல்லிசுத் தோலில் ஈ உட்கார்ந்தாலே அவனுக்குத் தெரியும். இருந்தும் கேட்டான்.

"தொட்டுட்டாரா அண்ணி?"

"சட்டையப் போடுடா" என்றேன்.

செபஸ்தியான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷம் வேறு எவனுக்கோ சாயம் பூசினார்கள். அங்கியை வேறு எவளோ தைத்தாள், அதே வலப்பக்கத் திறப்போடு. எதற்கு என்று கேட்டால் அதுதான் வழக்கம் என்கிறார்களாம்.

சவுரிராயன் மறுநாள் காலையிலேயே விழுப்புரத்துக்குப் புறப்பட்டான். அங்கே என் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் கடையில் காயில் கட்டுகிறான், கடைக்குப் பின்னாலேயே தனியாகத் தங்கியிருக்கிறான். எந்த வெயிலிலும் சட்டையைக் கழற்றுவதில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

புறப்பட்ட அன்றைக்கு ரோடு வரைக்கும் நானும் கூடப் போனேன். பஸ் வரவில்லை. வேறு ஆளும் இல்லை. சொல்வதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயசில் எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகுதானே என்று சட்டைக்கு அடியில் கையை விட்டு, தோளிலிருந்து விலா வரைக்கும் அந்தக் கோடுகள் மேல் உள்ளங்கையை வைத்தேன். அவன் உடம்பு விறைத்துப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"நகம் படாம, அண்ணி" என்றான்.